எதிரிக்கும் ஓர் இரங்கற்பா

நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பவன் நான். படத்துக்குக் கீழே நான்கு வரிக் கவிதை இருக்கும். இறந்தவர் யாரானாலும் பாசத்தின் சிகரம், நிழல் தந்த ஆலமரம்.

போன மாதம், என் பெரியப்பாவின் முதலாண்டு நினைவுக்கு அந்த நான்கு வரியை எழுதச் சொன்னார்கள். பெரியப்பா கடும் உழைப்பாளி. ஆனால், கடைசி இருபது ஆண்டுகள் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். என்ன எழுதுவது?

அப்போது நினைவுக்கு வந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) தென்மாநிலங்களின் புகழ்பெற்ற தளபதி தாமஸ் ஜாக்சன். போர்க்களத்தில் அசையாமல் நின்றதால் 'ஸ்டோன்வால்', அதாவது கற்சுவர் என்று பெயர் பெற்றவர். 1863 மே 2ஆம் தேதி சான்சலர்ஸ்வில்லில் வடக்குப் படையைச் சுற்றி வளைத்துத் தாக்கினார். அன்றிரவு நிலவரம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எதிரி என்று நினைத்து அவருடைய வீரர்களே சுட்டுவிட்டார்கள். இடது கையை அகற்றினார்கள். மே 10ஆம் தேதி நிமோனியாவில் இறந்தார். வயது 39.

தெற்கு முழுவதும் அவருக்காக அழுதது. அவருடைய முதல் மனைவியின் அக்காள் மார்கரெட் பிரெஸ்டன் ஒரு கவிஞர், அவரும் பாடினார். அதில் வியப்பில்லை. நம் புறநானூற்றில் கையறுநிலை பாடிய கபிலரும் பாரியின் உயிர் நண்பர்தானே!

ஆனால், 'மோபி டிக்' எழுதிய மெல்வில் வடக்கின் பக்கம் நின்றவர். 1866இல் வந்த அவருடைய போர்க்கவிதைத் தொகுப்பில் ஜாக்சனுக்கு இரண்டு கவிதைகள் உள்ளன. ஒன்று, வர்ஜீனியாக்காரர் ஒருவர் பாடுவதுபோல் அமைந்தது. மற்றதில் எதிரணியின் குரல் கேட்கிறது. அவர் போரிட்ட நோக்கம் தவறு என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. நம்பியதற்கு அவர் உண்மையாக நின்றார் என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

அந்தத் தவறு சிறியதல்ல. ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் முறையைக் காக்கவே தென்மாநிலங்கள் பிரிந்து போயின. அதை மறைத்துப் பாடினால் இரங்கற்பா பொய்யாகிவிடும். ரிச்மண்ட் நகரில் 1919இல் ஜாக்சனுக்குச் சிலை வைத்தார்கள்; 2020 ஜூலை 1ஆம் தேதி அதை இறக்கிவிட்டார்கள். சிலையில் 'ஆனால்' என்ற சொல்லுக்கு இடமில்லை. கவிதையில் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு இப்படி முடித்தேன்: உழைத்து எங்களை ஆளாக்கினீர்கள், பேசாமல் விட்டுப்போன சொற்களுக்கும் சேர்த்தே அழுகிறோம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இப்படியே போடுப்பா" என்றார்.