வாடகையை ஏற்றி நம்மை வெளியேற்ற முடியுமா?

"எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வாடகைக்கு வீடு தேடிப்போன நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காலனி என்று தெரிந்தால், "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லை" என்று பதில் வரும். குடிவந்த பிறகு சாதி தெரிந்துவிட்டால் வேறு வழி இருக்கிறது. "அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுங்க. முடியாதுன்னா காலி பண்ணுங்க" என்பார்கள்.

1917-இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப்போன அண்ணல் அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் வேறு பெயர் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். அவர் யாரென்று தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. இன்று பல இடங்களில் அந்தத் தடியின் வேலையை வாடகை உயர்வு செய்கிறது. அதனால்தான் வாடகைச் சட்டத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. நகர்ப்புற வாடகைக்கென 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. பதினோரு மாத ஒப்பந்தம் என்றாலும் இந்தப் பதிவு வேண்டும்.

வாடகையை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அதில் எழுதாத உயர்வை இடையில் வீட்டுக்காரர் தம் விருப்பப்படி கேட்க முடியாது. நம் சம்மதத்தோடு வீட்டில் கூடுதல் வசதி செய்து தந்தால் மட்டும் உயர்த்த இடமுண்டு. தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தக் காலம் நடக்கும்போது வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி கொடுப்பதும் சட்டவிரோதம்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித்தர வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு எல்லையும் உண்டு. வாடகைக்கு உச்சவரம்பு எதையும் அது வைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் புதிய ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் அதிக வாடகை கேட்கலாம். சாதியைப் பற்றியும் அது பேசவில்லை.

சாதியைப் பற்றிப் பேசும் சட்டங்கள் வேறு. தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி குற்றம். பட்டியல் சாதியினரை அவர்களது வீட்டை விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்தும் பிற சாதியினர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் வாடகை உயர்ந்தது என்பது மட்டும் இதற்குப் போதாது. சாதிதான் காரணம் என்று காட்ட வேண்டும். வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, அக்கம்பக்கத்தார் சாட்சி எதையும் விட்டுவிடாதீர்கள்.

படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறோம். வீடு கிடைத்ததே பெரிது என்று வாய்ப்பேச்சில் குடிபோகாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் நான்கு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாடகையை வங்கி வழியே அனுப்புங்கள், ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பாக்கி என்று சொல்லியே வெளியேற்ற வழி பிறக்கும். இரண்டு மாதம் மணியார்டர் போன்ற வழியில் அனுப்புங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வன்கொடுமைப் புகாருக்கு 14566. இரண்டு எண்களையும் இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.