பல் வளரவில்லை, ஈறுதான் இறங்கியது
(முதுமைக்கு ஒரு திண்ணை – 17)

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரம் தாண்டினால் வேலப்பன்சாவடி. அங்கிருந்து பிரிகிற சாலை திருவேற்காட்டுக்குப் போகிறது. அந்த ஊர்ப் பெயருக்குள் இருப்பது வேலமரம்; வேதபுரீஸ்வரர் கோயிலின் தல விருட்சமும் வெள்வேலம்தான். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று கேட்டு வளர்ந்த நமக்கு, வேலங்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருப்பது பொருத்தமாகத்தான் படவேண்டும். அது 1988-இல் தொடங்கப்பட்ட சவீதா பல் மருத்துவக் கல்லூரி.

என் பெரியம்மா திருவேற்காட்டுக்காரர். அந்தக் கல்லூரி வாசலைப் பல நூறு முறை பஸ்ஸில் கடந்தவர், ஒருமுறைகூட இறங்கியதில்லை. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. கேட்டால், "சொத்தைப் பல்லுன்னு ஒண்ணுகூட கிடையாது கண்ணு. வயசாச்சு, ஆடுது. விழுறது விழட்டும், விடு" என்கிறார்.

சொத்தையே இல்லாத பல் ஏன் ஆடவேண்டும்? சுவரில் ஆணி அடித்த மாதிரி எலும்பில் பல் இறுகி நிற்பதில்லை. மெல்லிய நார்கள்தான் அதைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருக்கின்றன. ஈறோரத்தில் படிகிற வழவழப்பான அழுக்கை அன்றன்றைக்கு எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். அதில் குடியிருக்கும் கிருமிகளோடு உடம்பு நடத்தும் சண்டையில் நாரும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. பெரும்பாலும் வலிப்பதில்லை. "பல்லு நீளமாயிட்டே வருது" என்று சிலர் சொல்வார்கள். பல் அப்படியேதான் இருக்கிறது, ஈறுதான் கீழே இறங்கியிருக்கிறது.

இதற்கு வயதுதான் காரணமா என்ற கேள்விக்கு உலகம் பதில் தேடிப் போன இடம் நம்மவர்களின் வாய். நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ 1965-இல் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலத்தான், பழைய நிலைக்கு வந்துவிட்டது. அப்படியானால் வருஷக்கணக்கில் துலக்காமலே இருந்தால்? 1970-இல் அவர் குழு இலங்கை மலையகத்துக்குப் போனது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்கள். பிரஷ் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத லயங்கள், அதாவது வரிசை வீடுகள். அவர்கள் வாயை 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள்.

1986-இல் முடிவு வெளிவந்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாகப் பரவி, நாற்பதுகளின் நடுவிலேயே பல் கொட்டிப்போனது. 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்ல அரித்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு, எதுவும் செய்யாமலேயே, ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவில்லை.

"எங்க தாத்தா செங்கல் பொடியிலதான் பல் தேய்ச்சார், தொண்ணூறு வயசிலும் கரும்பு கடிச்சார்" என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. பொய்யில்லை. தாத்தா அந்த 11 சதவீதம் பேரைப் போன்றவர். அவரைப் பார்த்துச் செங்கல் பொடியை எடுக்கும் பேரன் எந்தக் கணக்கில் வருவான் என்பதுதான் தெரியாது. நாற்பதுகளிலேயே பல் முழுவதையும் இழந்தவர்களும் அதே தோட்டத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வயதைக் காரணம் சொல்ல முடியுமா? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்த 480 பேரில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கையில் கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. "கிளீன் பண்ணா பல்லு ஆடும். பக்கத்து வீட்டம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

பக்கத்து வீட்டம்மா சொன்னதும் பொய்யில்லை. எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பற்களைக் காரைதான் சிமென்ட் மாதிரி பூசிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, ஆட்டம் தெரிகிறது, கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கிறது. பழி கிளீனிங் மேல் விழுகிறது. காரையை விட்டுவைத்தால் அடியில் எலும்பு கரைந்துகொண்டே போகும். எடுத்தால் வீங்கிய ஈறு வற்றி, பல்லை ஒட்டிப் பிடிக்கும். ஓரளவு ஆடிய பல் இறுகுவதும் உண்டு. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. ஆனால் எழுபது வயதிலும் மேற்கொண்டு கரையாமல் நிறுத்த முடியும்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை இன்னும் கவனிக்கவேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு நோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வேறு சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதேதான். புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் வருவதே குறைந்து, நோய் மறைந்து நிற்கும்.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். மென்மையான பிரஷ், ஈறோரத்தில் சாய்த்து, அழுத்தாமல், காலையிலும் படுக்கும் முன்பும். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுவது நாம் எல்லோரும் செய்யும் தப்பு. அங்கேதான் அழுக்கு இருக்கிறது. கை நடுங்குகிறவர்களுக்குப் பிரஷ் பிடியில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுங்கள், பிடி தடித்தால் பிடிப்பது சுலபம். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போடவேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு: பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே பார்ப்பதால் பொதுவாக வெளியில் ஆவதைவிடக் குறைவாகவே ஆகும், நேரம் மட்டும் கூடப் பிடிக்கும். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

இன்று இரவு பல் துலக்கியதும் வாஷ்பேசினில் துப்பியதை ஒருமுறை பாருங்கள். சிவப்பு தெரிந்தால் இந்த வாரமே போங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.