ஐந்தாமவர் வரும்வரை

பந்தயமெனில் விரைந்தோடுபவரே வெல்வர் என எண்ணுகிறோம். 1989ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜெரார் ஃபுசில் நியூசிலாந்தில் தொடங்கிய ‘ரெயிட் கோல்வாஸ்’ பந்தயமோ வேறு வகையினது. குழுவொன்றுக்கு ஐவர், அவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். மலையிலே நடை, நீரிலே தோணி. இயந்திர ஊர்தி கூடாது. குறித்த நிலையங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்ல வேண்டும். தேசப்படமும் திசைகாட்டியுமே துணை. பின்னெழுந்த இவ்வகைப் பந்தயங்கள் பெரும்பாலானவற்றிலும் செய்மதி வழிகாட்டிக்கு இடமில்லை.

திசைகாட்டியை நம்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காந்த முள் காட்டும் வடக்கு மெய்வடக்கன்று. இலங்கையில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. நியூசிலாந்தின் தென்தீவிலோ முள் 20 பாகைக்கு மேல் கிழக்கே சாயும். அதனைக் கணக்கிற் கொள்ளாது ஒரு கிலோமீற்றர் நடந்தால், சேரவேண்டிய இடத்துக்கு 300 மீற்றருக்கு மேல் அப்பால் நிற்போம். இருளில் அது வேறொரு பள்ளத்தாக்காகவும் இருக்கலாம்!

நம் குழுவில் ஒருவருக்குக் கால் புண்பட்டதென வைத்துக்கொள்வோம். அவரை விட்டுச் சென்றால் வெற்றியும் போய்விடும். ஆதலால் அவர் மூட்டையை மற்றையோர் பகிர்ந்து சுமப்பர். வல்லவர் இடையிற் கட்டிய கயிறு அவரை மேட்டிலே இழுத்துச் செல்லும். உதவி கேட்க நாணி நோவை மறைப்பவரே குழுவுக்குப் பெருந்தடை என்பது நம் எண்ணம். இரவு நடையில் உறக்கமும் பொல்லாதது. கண் சொருகியவர் கையிற் படமிருந்தால் ஐவரும் வழிதவறுவர். எனவே ஒருவர் படம் பார்க்க, இன்னொருவர் உடனிருந்து சரிபார்த்தல் நன்று.