'நெட் ஸ்லோ'வா? திட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க!

ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் ஆர்டர் சூடுபிடிக்கும். டிசைன் ஃபைலைப் பார்த்து வாடிக்கையாளர் ஓகே சொன்னால்தான் மெஷின் ஓடும். அந்த நேரத்தில் நெட் படுத்துவிட்டால்?

100 எம்.பி ஃபைலை அனுப்ப, 2 எம்.பி.பி.எஸ் வேகத்தில் ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும், 10 எம்.பி.பி.எஸ் என்றால் 80 விநாடிதான். ஃபைல் அனுப்புகிறவர்கள் பார்க்க வேண்டியது 'அப்லோடு' வேகத்தை.

தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 'மைஸ்பீடு' ஆப் இலவசம். வேறு யாரும் நெட் பயன்படுத்தாதபோது, ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை, வழக்கமாக வேலை பார்க்கும் இடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கத்தில் நல்ல வேகம், தள்ளிப்போனால் குறைவு என்றால் சிக்கல் உங்கள் வைஃபையில். ரவுட்டரை நடு அறைக்கு மாற்றினாலே சரியாகலாம்.

இரண்டு இடத்திலும் குறைவா? காலை, மதியம், இரவு என மூன்று நாள் அளந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நீங்கள் பணம் கட்டும் பிளானின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். 'நெட் சரியில்லை' என்ற புகாரை 'செக் பண்றோம்' என்று தட்டிக்கழிக்கலாம். தேதி, நேரத்தோடு இருக்கும் எண்களை அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது!