தோப்பில் எத்தனை ரகம்?

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. இந்த மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர் போனது. இங்கே அதிகம் விளைவது கிளிமூக்கு மாங்காய். தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். பழக்கூழ் ஆலைகள் இதை லாரி லாரியாக வாங்கும்.

2025ஆம் ஆண்டு என்ன நடந்தது? கிளிமூக்கு நன்றாக விளைந்தது. ஆனால் ஆலைகளில் பழைய கூழே மிச்சம் இருந்தது. விலை விழுந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு சொன்னது. ஆலை 8 ரூபாய் தரவேண்டியிருந்தது. அரசு 4 ரூபாய் தருவதாக இருந்தது.

ஒரே ரகத்தை நம்பினால் இந்தக் கதிதான். பல ரகம் இருந்தால்? பங்கனபள்ளி முதலில் பழுக்கும். நீலம் கடைசியில் வரும். நாட்டு மாங்காய் ஊறுகாய்க்குப் போகும். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும்.

ஆனால் பழைய மரங்கள் குறைந்து வருகின்றன. மரத்தை வெட்டினால் என்ன, கொட்டை போட்டால் முளைக்காதா? முளைக்கும். ஆனால் பெரும்பாலும் அதே ருசி வராது. அதே ரகம் வேண்டுமானால் ஒட்டுக் கட்டவேண்டும்.

கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையை வெட்ட வேண்டும். தண்டை நடுவில் பிளக்க வேண்டும். தாய்மரத்துக் குச்சியை ஆப்பு போலச் சீவி, பிளவில் செருக வேண்டும். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். சில வாரங்களில் குச்சி துளிர்க்கும். இனி அந்தக் கன்றில் தாய்மரத்துப் பழமே காய்க்கும். தாய்மரம் போய்விட்டால் குச்சிக்கு எங்கே போவது?

2009இல் பழ ரகங்களைக் காக்க ஒரு திட்டம் தொடங்கியது. இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்தன. நம் சித்தூரும் அதில் இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் மலிகாபாத்தும் இருந்தது. மலிகாபாத் விவசாயிகள் மா ரகங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள்.

ஒருவர் தோப்பில் எல்லா ரகத்தையும் வைக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஒருவரிடம் உள்ள குச்சி மற்றவருக்கு உதவும்.

உங்கள் ஊரில் என்னென்ன மாமரம் இருக்கிறது? பெரியவர்களைக் கேளுங்கள். மரத்தின் பெயர், யார் தோப்பு, எப்போது காய்க்கும், ருசி எப்படி? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இப்போதுதான் நமக்கு எழுதத் தெரியுமே! மரத்தை வெட்டும் முன் ஒரு குச்சியாவது ஒட்டுக் கட்டுங்கள்.