கல் இல்லாத கல்லறைகள்

யாருடைய சாவு எழுதப்பட்டது, யாருடையது விடப்பட்டது? மூதாதையர் கல்லறையைத் தேடிப் போகிற எவரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. நவம்பர் 2, கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பெயர் பொறித்த கல்லுக்கு. கல் வைக்க வக்கில்லாதவர்களுக்கு ஒரு மண்மேடு, ஒரு மரச்சிலுவை. நாலு மழையில் அதுவும் போச்சு. அதே குழியில் இன்னொருவர். ஞாபகமும் இங்கே சொத்துரிமையாகிவிடுகிறது.

செத்தபின் எல்லாரும் சமம் என்பது பிரசங்கம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் சொன்னது வேறு. 2010இல் அதை இடிக்கும் போராட்டம் நடந்தது.

ஆகவே தேடலைக் கல்லிலிருந்து காகிதத்துக்கு மாற்றச் சொல்கிறேன். பங்குதோறும் இறந்தோர் பதிவேடு வைக்கும்படி 1614இன் ரோமானியச் சடங்கு நூல் விதித்தது. என் முப்பாட்டிக்குக் கல் கிடையாது. ஏட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பிரதியெடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் புதைப்பது வழக்கமென்று குழிவெட்டும் குடும்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் ஞாபகம் எந்த ஏட்டிலும் ஏறாதது. பிறகு கல் நடலாம். நட்டால், சுவருக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பொறியுங்கள்.