கடலுக்கு முன் கல்பாக்கம்

ஒரகடம், சேரப்பணஞ்சேரி பக்கத்து நேயர்களுக்குத் தெரியும்: சோதனைத் தடத்தில் ஓடித் தேறாத வண்டி சாலைக்கு வராது. நம் நாட்டிலேயே கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். அரிஹந்துக்கு அந்தச் சோதனைத் தடம் கல்பாக்கம். விசாகப்பட்டினத்தில் கட்டிய கப்பல் நீரில் இறங்கியது 2009 ஜூலை 26 அன்று. அதன் அணு உலைக்கு முன்மாதிரியோ 2006-லேயே கல்பாக்கத்தில் இயங்கியது. நீர்மூழ்கியின் உடல் போன்ற இறுக்கமான கூட்டுக்குள், தரைமேல். மாலுமிகள் உலையை இயக்கிப் பழகியதும் அங்கேதான். ஒரு கப்பலுக்கு இரண்டு உலையா, வீண்செலவு என்று தோன்றலாம். ரஷ்யா உதவியதே என்றும் கேட்கலாம். உதவியது உண்மைதான். ஆனால் தரையில் பழுது தெரிந்தால் நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். ஆழ்கடலில் அதற்கு வழியில்லை. கைப்பழக்கத்தை எந்த நாட்டிடமும் இரவல் வாங்கவும் முடியாது. அந்தச் செலவு தேவையானதே. கப்பலுக்குள் இருந்த உலை 2013 ஆகஸ்ட் 10 அன்று உயிர்பெற்றது.